கோட்டை வருவதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்? மீனவ ஊர்களில் பார்த்ததும் கேட்டதும்

தரங்கம்பாடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த ஊருக்கு வருகிறவர்கள் நகர வாசலைத் தாண்டி நேராக டேனிஷ் கோட்டைக்குப் போய், மதில் ஓரம் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கோட்டை பார்க்க வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டினார்கள். 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியதும், தமிழில் அச்சடித்த புதிய ஏற்பாடு 1715-ல் வெளிவந்ததும், அவர் அடக்கமான புதிய எருசலேம் ஆலயமும் இதே ஊரில்தான்.

ஆனால் கோட்டையிலிருந்து கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் கட்டியது. டேனிஷ் கப்பல் வருவதற்கு 300 வருஷத்துக்கு முன்பே இங்கே ஒரு கோயிலைக் கட்டிப் பராமரிக்கும் அளவுக்கு ஆட்களும் வியாபாரமும் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, பாறைகளைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஐயா, இந்தக் கோயில் முன்னாடி எதுவரைக்கும் இருந்துச்சு?" என்று கேட்டதும் அவர் கையை நீட்டிக் காட்டியது அலை உடையும் இடத்துக்கும் அப்பால். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஜிபிஎஸ் எல்லாம் வருவதற்கு முன்னால், கட்டுமரத்தில் போனவர்கள் கரையில் தெரியும் உயரமான இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் பிடித்து, வேறு பக்கத்தில் இன்னும் இரண்டைப் பிடித்து, அந்த இரண்டு கோடும் சந்திக்கிற இடத்தை வைத்தே மீன் நிற்கும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டைக் கண்டுபிடிப்பார்களாம். கோயில், கோட்டை, மாதா கோயில் கோபுரம், பனைமரம் எல்லாம் அவர்களுக்கு அந்தக் கணக்கில்தான் வரும். நாம் கரையில் நின்று பார்க்கிற சின்னத்தை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலிலிருந்து பார்த்து வந்திருக்கிறார்கள், அது எந்தப் பலகையிலும் இல்லை. 2004 சுனாமியில் அந்தக் குப்பம் இழந்த உயிர்களையும் சேர்த்துத்தான் அந்த ஊரின் வரலாற்றை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

தரங்கம்பாடி பற்றி மேலே அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சென்னைக்கு வடக்கே இருக்கிற பழவேற்காடு ஞாபகம் வந்தது. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு, கோட்டை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது, வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்கவே தனியாகப் போகலாம். 1690-ல் அவர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டார்கள், அதற்குப் பிறகு பழைய மவுசு ஊருக்குத் திரும்பவில்லை.

ஆனால் மீன்பிடிப்பு நிற்கவில்லை. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது: எந்தக் குழு எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். என்னைத் தோணியில் கூட்டிப்போன தம்பி இன்றைக்கு எங்கள் பாடு இல்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மீன் துள்ளிக்கொண்டிருந்த இடத்தைத் தாண்டிப் போனார், வலையைத் தொடவே இல்லை. கோட்டை இடிந்துபோன ஊரில் இப்படி ஓர் ஏற்பாடு இன்னும் நடக்கிறதே, அதைத்தான் நான் அந்த ஊரின் முதல் சின்னம் என்பேன்.

*

இரண்டு பேரும் யார் முதலில் வந்தார்கள் என்பதைச் சொல்லிவிட்டீர்கள். ஏன் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள் என்பது எனக்குத் தனுஷ்கோடியில்தான் புரிந்தது. 1964 டிசம்பர் புயலில் ரயில் நிலையமும் தேவாலயமும் போன பிறகு, அரசே மக்கள் வாழத் தகுதியில்லாத ஊர் என்று சொல்லியும், மீனவர்கள் குடிசை போட்டுத் திரும்ப வந்தார்கள். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற அந்த மணலில் ஓர் அக்கா ஆழமில்லாத குழியிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார், துளி உப்பு இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் தங்கி நிற்கும், அதிகம் தோண்டினால் கெட்டுவிடும், அளவு தெரிந்து நிறுத்த வேண்டும். இந்த அளவு தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அங்கே ஊரே உண்டானது.

கீழக்கரை, குலசேகரப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் பழைய நல்லதண்ணீர்க் கிணறு எங்கே இருக்கிறது, இப்போதும் யாராவது இறைக்கிறார்களா என்று எழுதுங்கள்.