புதுப்பிப்பு: சென்னை மாடியிலிருந்து சோம்ப்ரெரோ

சென்னை மொட்டைமாடியிலிருந்து சோம்ப்ரெரோ கேலக்ஸியை (எம்104) படமெடுக்க, நகர வெளிச்சத்தை வெட்டும் டூயல் பேண்ட் ஃபில்டர் வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் வாங்கு என்றீர்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள்.

வேண்டாம் கட்சிதான் ஜெயித்தது. நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். ஓரியன் நெபுலாவுக்கு அருமை, ஏனென்றால் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் உமிழும் சில அலைநீளங்களை மட்டும்தான் அது உள்ளே விடும். கேலக்ஸியில் வருவது நட்சத்திர வெளிச்சம், நிறமாலை முழுக்கப் பரவியது. வானத்தில் பரவிய நகர வெளிச்சத்தோடு சேர்த்து அதையும் ஃபில்டர் வெட்டிவிடுகிறது. சோடியம் விளக்குக் காலமாக இருந்தால் மஞ்சளை மட்டும் வடிகட்டித் தப்பித்திருக்கலாம். இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்இடி.

சரி என்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு 30 நொடிப் படங்களாக எடுத்துத் தள்ளி, எல்லாவற்றையும் ஒரே படமாக அடுக்கினேன். படமெடுக்கும் மொத்த நேரத்தை நான்கு மடங்காக்கினால், அடுக்கிய படத்தில் இரைச்சல் (புள்ளிபுள்ளியாகத் தெரியும் மாசு) பாதியாகும். குறுக்கு வழி கிடையாது. ஒற்றைப் படத்தில் சாம்பல் வானத்தில் ஒரு மங்கல் கீற்றுதான். அடுக்கிய பிறகு, குறுக்கே ஓடும் தூசிப் பட்டை கத்தியால் கீறியதுபோல் நிற்கிறது!

ஃபிளாட் படங்களை (சீரான வெளிச்சத்தை எடுத்து, மூலை இருட்டைச் சரிசெய்ய உதவும் படங்கள்) மட்டும் விட்டுவிடாதீர்கள். தொலைநோக்கி வாயில் வெள்ளை டி-ஷர்ட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, விடியற்காலை வானத்தை நோக்கி எடுத்தேன். மூலைகளின் இருட்டு போய்விட்டது.

எம்104 இங்கே தெற்கில் 65 டிகிரி வரை ஏறுவது பெரிய வசதி. எம்81 என்ற இன்னொரு கேலக்ஸி வடக்கே சுமார் 34 டிகிரியைத் தாண்டாது. அதை நகரத்துக்குள்ளிருந்து யாராவது உருப்படியாக எடுத்திருந்தால் படத்தைப் போடுங்கள்.