ஒரு கிலோ புல், அடுப்புக்குள் போய் வந்த பிறகு

கோ 5 கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லின் கரணை வாங்கத்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துத் தீவனப் பயிர்கள் துறைக்குப் போனேன். அங்கே அறுத்த புல்லை நிறுத்து எழுதிவிட்டு, அதிலேயே ஒரு கிலோவைப் பொடியாக நறுக்கிக் காகிதப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். ஆய்வு மாணவி ஒருத்தர் உள்ளேயே கூட்டிப்போய்க் காட்டினார். இரும்பு பீரோ மாதிரி ஒரு அடுப்பு, 65 டிகிரி சூட்டில் உள்ளே காற்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, இனிமேல் எடை குறையாது என்கிற வரைக்கும் இரண்டு நாள், சமயத்தில் மூன்று நாள்கூட வைக்கிறார்களாம். காய்ந்து முடிந்த பையை என் கையில் கொடுத்தார். ஒரு கிலோவாகப் போனது 200 கிராம்கூட இல்லை! மற்றதெல்லாம் தண்ணீர்.

400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்து கிலோவாவது உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சுவது, வேண்டும் என்றார். நான் 30 கிலோ பச்சைப்புல்லைப் போட்டுவிட்டு வயிறு நிறைந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன், உள்ளே போனது ஆறு கிலோதான். சாயங்காலம் ஆனால் மாடு தொட்டியை நக்கிக்கொண்டு நின்றது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது, ரொம்பச் சங்கடமாகிவிட்டது. அன்றிலிருந்து சோளத்தட்டும் சேர்த்துப் போடுகிறேன்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதில் சோளத்தட்டு என்று படித்ததும் எனக்கு வேறொன்று நினைவு வந்தது. மழை இல்லாமல் வாடிக்கிடந்த இளஞ்சோளத்தை மேய்ந்து பக்கத்துத் தோட்டத்து மாடு நின்ற இடத்திலேயே விழுந்து செத்துப்போனது. அந்தப் பயத்தில் என் காட்டில் நின்ற சோளத்தை, அப்போது 30 நாள் பயிர், ஒரு வேளாண் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கண்ணாடிக் குழாயில் இலையை நசுக்கிப் போட்டு, இரண்டு சொட்டு குளோரோஃபார்ம் விட்டு, பிக்ரேட் என்ற வேதிப்பொருள் தடவிய மஞ்சள் தாளை இலையில் படாமல் தொங்கவிட்டு மூடிவைத்தார் அங்கிருந்த ஐயா. கொஞ்ச நேரத்தில் தாள் செங்கல் நிறமாகிவிட்டது, இலையிலிருந்து கிளம்பிய சயனைடு வாயுதான் அப்படிச் செய்கிறதாம். பூ எடுக்கும் வரை மாட்டுக்குக் காட்டாதே என்றார். பூ வந்த பிறகு மறுபடியும் இலை கொண்டுபோனேன். தாள் மஞ்சளாகவே இருந்தது, வீட்டுக்கு வந்ததும் அரிவாளை எடுத்தேன்.