சோள மாவுப் பை உண்மையிலேயே மக்குமா?

காட்பாடி டிபன்கடை:
காட்பாடியில் சின்னதாக டிபன் கடை வைத்திருக்கிறேன். மஞ்சப்பையோடு வருகிறவர்களால் தொந்தரவு இல்லை, காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் வெறுங்கையோடுதான் வருகிறார்கள். அவர்களுக்காக, 'சோள மாவில் செய்தது, மண்ணில் போட்டால் மக்கிவிடும்' என்று ஒருவர் சொன்னதை நம்பி, சாதாரணக் கவரைப் போல இரண்டு மடங்கு விலை கொடுத்துப் பை வாங்கினேன். ஆடி மாதம் ஒன்றைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்து வைத்தேன். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது தோண்டிப் பார்த்தால் முழுசாக இருக்கிறது. கைப்பிடி ஓரம் மட்டும் இழுத்தால் கிழிகிறது, மேலே அச்சடித்த பச்சை இலைகூட அழியவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார்களா, இல்லை நான் புதைத்த விதம் தப்பா?

பாலாற்றங்கரை:
அண்ணா, நீங்கள் புதைத்ததில் தப்பு இல்லை. 'மக்கும்' என்று அவர்கள் சொல்வதே வேறு கணக்கு. மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரத்துக்கான சோதனையில் உரக்குவியலைச் சுமார் 58 டிகிரி சூட்டிலேயே வைத்திருப்பார்கள், அதில் 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைந்தால் தேர்ச்சி. நம் ஊர் வெயில் 40ஐத் தாண்டினாலும் ஒரு முழம் தோண்டினால் மண் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், அந்தச் சூடு எங்கிருந்து வரும்?

இன்னொன்று, செடியிலிருந்து செய்தது என்றாலே மக்கும் என்று அர்த்தம் கிடையாது. நம் அம்முண்டி சர்க்கரை ஆலைக்குப் போகிற மாதிரிக் கரும்பிலிருந்தே எத்தனால் எடுத்து, சாதாரணக் கவர் செய்கிற பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கைச் செய்யலாம், பிரேசிலில் 2010லிருந்து பெரிய அளவில் செய்கிறார்கள். பெட்ரோலியம் மிச்சம், அது நல்லதுதான். ஆனால் வருவது அதே பாலிஎத்திலீன், எத்தனை வருடம் ஆனாலும் மண்ணில் மக்காது. பாலாறு காய்ந்து கிடக்கிற ஊரில், ஒரு தடவை பிடித்துவிட்டு எறிகிற பைக்காகக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

உரக்கூடத்து அக்கா:
தம்பி, நான் குப்பை பிரிக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். இலை, காய்கறிக் கழிவோடு இந்தப் பையும் வரும். எது மக்கும் பை, எது சாதா கவர் என்று கையில் பிடித்தால் தெரியாது, அதுவும் சாம்பார் ஒட்டி ஈரமாக இருந்தால் சுத்தமாகத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டுவிடுவோம். எங்கள் உரத் தொட்டி சின்னது, சில நாள் கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும், அப்புறம் ஆறிவிடும். மாதக்கணக்கில் சூடு நிற்காது. வெளியே போட்டது கடைசியில் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். அங்கே மாடு மேய்வதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு சோளப் பை எது, சாதாப் பை எது என்று தெரியுமா? ஜூஸ் கடை சோளக் கப் இன்னும் மோசம். பார்க்க பாட்டில் பிளாஸ்டிக் மாதிரியே இருப்பதால் அந்தச் சாக்கிலேயே விழுந்துவிடும். பாட்டில் பிளாஸ்டிக் உருக 250 டிகிரி வேண்டும், இது 180க்குள் உருகிவிடும். கலந்தால் மொத்தச் சரக்கும் தரம் குறையும், பழைய பாட்டில் எடுப்பவர் விலையைக் குறைத்துவிடுவார்.

காட்பாடி டிபன்கடை:
அக்கா, நீங்கள் சொன்னது மனதை உறுத்துகிறது, நல்லது செய்வதாக நினைத்துத்தானே இவ்வளவு நாள் கொடுத்தேன். இட்லிக்கு இனி மந்தாரை இலையும் நூலும் போதும். சாம்பாருக்கு என்ன செய்வது? மீதி இரண்டு கட்டுப் பை வேறு இருக்கிறது.

உரக்கூடத்து அக்கா:
சாம்பாருக்குச் சின்ன எவர்சில்வர் தூக்கு பத்து வாங்கி, முன்பணம் பிடித்துக்கொண்டு கொடுங்கள். தினமும் அதே ரயிலில் போகிறவர்கள்தானே, மறுநாள் கொண்டு வந்து தருவார்கள். மீதிப் பையைக் கடையின் மக்காத குப்பைக்கு உறையாகப் போடுங்கள். மக்கும் குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள் தம்பி, அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பது நாங்கள்தான்.