சங்கீதம் 136: சபையார் பதில் வரியை உணர்ந்து சொல்ல வழி வேண்டும்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) ஆராதனையில் வேதாகமத்தின் துதிப்பாடலான சங்கீதம் 136-ஐச் சபையாக வாசிக்கப் போகிறோம். 26 வசனங்களிலும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று சபையார் பதில் சொல்ல வேண்டும். ஒத்திகையில் துதியையும் படைப்பையும் சொல்லும் முதல் 9 வசனங்களிலேயே குரல் தளர்ந்துவிடுகிறது. எகிப்திலிருந்து இஸ்ரவேலரின் விடுதலை தொடங்கும் 10-ஆம் வசனத்தில் வெறும் முணுமுணுப்புதான். எழும்ப வேண்டிய இடமே அதுதானே!

இடம் திருவள்ளூர் பக்கம், சிறிய சபை. பலர் செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டிருந்து மீண்டவர்கள். எகிப்தில் இஸ்ரவேலர் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்ததை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பாதிப்பேருக்கு வாசிக்க வராது, அதனால் அச்சிட்ட தாள் உதவாது.

ஆண்கள், பெண்கள் மாறி மாறிச் சொன்னோம், மாற்றமில்லை. டோலக்குடன் பாடினோம், தாளம் நின்றது, வார்த்தை ஓடிவிட்டது. 5 முதல் 9 வரை விட்டும் பார்த்தோம். ஆனால் வானத்தை உண்டாக்கியவரே அடிமைகளை மீட்டார் என்ற தொடர்பு அறுந்துபோகிறது, அதை விட எனக்கு மனமில்லை. அப்புறம் சங்கீதம் 81. தோளைச் சுமைக்கு விலக்கினேன் என்ற 6-ஆம் வசனத்தில் சில அக்காமார் அழுதேவிட்டார்கள். ஆனால் பிற்பகுதி கடிந்துகொள்ளுதலாகத் திரும்புவதால் அன்றைக்கு அது பொருந்தவில்லை.

136-ஐ முழுதாக, வாசிக்கத் தெரியாதவர்களோடு நடத்தியவர்கள் சொல்லுங்கள்: 10-ஆம் வசனத்துக்கு முன் என்ன செய்தீர்கள்?