லைபீரியப் பெண்கள் போரை நிறுத்தினார்கள், சரி. அதற்கப்புறம்?

மலர்விழி:
ஆப்பிரிக்கப் பெண்களும் அமைதியும் என்று எதைத் தேடினாலும் லைபீரியாதான் முதலில் வந்து நிற்கிறது. 2003-இல் அந்நாட்டுப் பெண்கள் வெள்ளைச் சட்டை போட்டுப் போராட்டமாக உட்கார்ந்தார்கள், உள்நாட்டுப் போர் நின்றது, 2011-இல் அவர்களை வழிநடத்திய லேமா போவீக்கு அமைதி நோபல் கிடைத்தது என்று சொல்லிவிட்டு எல்லாரும் முடித்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி வைத்திருந்தவன் வெறுங்கையோடு உட்கார்ந்த பெண்ணுக்கு ஏன் பணிந்தான்? போர் முடிந்தபின் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிரேசன்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தலைநகர் மன்ரோவியாவில் அவர்கள் உட்கார்ந்தது மீன் சந்தையை ஒட்டிய திடலில். ஜனாதிபதி சார்லஸ் டெய்லரின் வண்டிகள் அந்தச் சாலை வழியாகத்தான் போகும், அதனால்தான் அந்த இடம். சர்ச்சுக்குப் போகிறவர்களும் மசூதிக்குப் போகிறவர்களும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் அங்கே பெரிய காரியம். குண்டு ஆள் பார்த்தா பாய்கிறது என்று கேட்டுத்தான் ஒருவரை ஒருவர் சேர்த்துக்கொண்டார்கள். வெயிலும் மழையும் பாராமல் உட்கார்ந்து, ஏப்ரலில் டெய்லரையே நேரில் பார்த்து, கிளர்ச்சிக்காரர்களோடு பேச்சுவார்த்தைக்குப் போகச் சொன்னார்கள்.

ஜூன் மாதம் கானாவின் அக்ராவில் பேச்சு தொடங்கியது, ஆனால் வந்த தளபதிகள் ஓட்டலில் சௌகரியமாகத் தங்கிக்கொண்டு யாருக்கு எந்தப் பதவி என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், ஊரில் ஜனங்கள் தலையில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜூலையில் பெண்கள் மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து யாரையும் வெளியே விடவில்லை. காவலர்கள் கைது செய்ய வந்ததும் போவீ தன் உடையைக் களையத் தொடங்கினார். தாய் வயதுப் பெண் வேண்டுமென்றே தன் ஆடையைக் களைந்தால் பார்க்கிறவனுக்குப் பெரிய சாபம் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை, காவலர்கள் பின்வாங்கிவிட்டார்கள். நடுவராக இருந்த நைஜீரிய முன்னாள் அதிபர் அப்துல்சலாமி அபூபக்கர் வந்து பேசி, இனி எல்லாரும் ஒழுங்காகக் கூட்டத்துக்கு வருவார்கள் என்று உறுதி கொடுத்த பிறகுதான் வழிவிட்டார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

யாழினி:
கதிரேசன் அண்ணா சொன்னது சரி, ஆனால் பெண்கள் மட்டுமே நிறுத்தினார்கள் என்று எழுதிவிடாதே மலர். கிளர்ச்சிப் படை மன்ரோவியாவுக்குள் வந்துவிட்டது, அண்டை நாடான சியரா லியோனின் போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மேல் குற்றச்சாட்டை வெளியிட்டிருந்தது, ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படையும் வந்து இறங்கியது. இத்தனை நெருக்கடி சேர்ந்துதான் டெய்லர் நாட்டைவிட்டுப் போனார். பெண்கள் செய்தது, பேச வந்தவர்கள் எழுந்து போக முடியாதபடி பிடித்து வைத்தது, அதுவே லேசுப்பட்ட காரியம் இல்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பின் நடந்ததுதான். டிசம்பரில் போராளிகளிடமிருந்து ஆயுதங்களைத் திரும்பப் பெறும் இடத்தில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் வந்து, ஏற்பாடு குலைந்து, கலவரமாகிவிட்டது. அப்போது அந்தப் பையன்களிடம் போய்ப் பேசி அமைதிப்படுத்தியவர்களில் இந்தப் பெண்களும் உண்டு. 2005 தேர்தலுக்கு முன், சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்கள் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டு வருவதற்காக, இவர்கள் கடையையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தேர்தலில்தான் எலன் ஜான்சன் சர்லீஃப் வென்று ஆப்பிரிக்காவில் தேர்தலில் ஜெயித்த முதல் பெண் ஜனாதிபதி ஆனார்.

மலர்விழி:
நன்றி அக்கா. அப்படியானால் நாடாளுமன்றத்திலும் பெண்கள் நிறைய இருக்க வேண்டுமே?

யாழினி:
இல்லை, அங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. 2017 தேர்தலில் 73 பேர் கொண்ட கீழவைக்குப் பத்துப் பெண்கள்கூட வரவில்லை, அதுவும் ஒரு பெண் இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்து முடித்த நேரத்தில். பெண்களுக்கான இட ஒதுக்கீட்டைச் சட்டமாக்க முயற்சி நடந்தும் நிறைவேறவில்லை. ருவாண்டாவில் 2003 அரசியல் சட்டமே பெண்களுக்குக் குறைந்தது 30 சதவீத இடம் என்று எழுதிவிட்டது, 2008-இல் நாடாளுமன்றக் கீழவையில் பெண்களே பெரும்பான்மை. அங்கே எதிர்க்கட்சிக்குப் பெரிதாக இடமில்லை என்பதால் அந்த எண்ணிக்கையை நான் முழுசாகக் கொண்டாட மாட்டேன், ஆனால் 1999-இல் மகளுக்கும் சொத்தில் சமபங்கு தந்த சட்டம் உண்மையான மாற்றம். போரில் கணவனையும் தகப்பனையும் இழந்தவள் நிலத்தில் காலூன்ற முடியாவிட்டால் ஒப்பந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

கதிரேசன்:
லைபீரியாவிலும் 2018-இல் நில உரிமைச் சட்டம் வந்தது, ஊர்ப் பொது நிலத்தில் பெண்களுக்கும் உரிமை உண்டு என்கிறது. கிராமங்களில் 'அமைதிக் குடில்' என்று பெண்களே கூடி, குடும்பச் சண்டை, நிலத் தகராறு எல்லாம் கேட்டுத் தீர்க்கும் இடங்களும் இருக்கின்றன. வளர்ச்சி பற்றியும் எழுதுகிறாய் என்றால் கென்யாவின் வங்காரி மாத்தாயை விட்டுவிடாதே மலர். 1977-இல் அவர் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம், கிராமத்துப் பெண்கள் நட்ட கன்று பிழைத்து நின்றால் கன்றுக்கு இவ்வளவு என்று சிறு தொகை கொடுத்தது. விறகுக்கும் தண்ணீருக்கும் தினமும் அலைந்த பெண்களின் கைக்கே அந்தக் காசு போனது.