வாரத்துக்கு 120 நிமிடம் போதும் என்று யார் சொன்னது?

கூடாரக்காரன் (இழையைத் தொடங்கியவர்), மாலை 6:10

தேர்வு அழுத்தம் பற்றிய இழையில் தராசுமுள் நேற்று எழுதியது இது: “வாரத்துக்கு 120 நிமிடம் பசுமையான இடத்தில் இருந்தாலே பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வளரும் என்று அறிவியல் நிரூபித்துவிட்டது. காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவதெல்லாம் தேவையில்லாத ஆடம்பரம்.” அதற்குக் கீழே ஏகப்பட்ட கைதட்டல். அந்த இழையைக் கெடுக்க வேண்டாம் என்று இங்கே தனியாக எழுதுகிறேன்.

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த 120 நிமிடம் 2019-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஆய்வில் உள்ளது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் கேட்டார்கள். போன வாரம் பூங்கா, காடு, கடற்கரைப் பக்கம் எவ்வளவு நேரம் இருந்தீர்கள், உடல்நலம் எப்படி இருக்கிறது, வாழ்க்கை திருப்தியா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பதில் சொன்ன அத்தனை பேரும் பதினாறு வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். பத்து வயதுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. தன்னம்பிக்கையை யாரும் அளக்கவே இல்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்னவோ, அதைக்கூட முழுதாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று ஆய்வாளர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதுதான் நிரூபணமா?

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளைப் பல வருடமாக மலைக்கும் காட்டுக்கும் அழைத்துப் போகிறவன் நான். நிமிடம் எண்ணி யாரும் வளர்ந்து பார்த்ததில்லை. ஒரு பொறுப்பு கையில் வந்து விழுந்து, பெரியவர் யாரும் குறுக்கே வந்து அதைப் பிடுங்கிக்கொள்ளாதபோது வளர்கிறார்கள்.

தராசுமுள், மாலை 6:41

என் பெயரைத் தலைப்பில் போடாத பெருந்தன்மைக்கு நன்றி. முதல் வரியிலேயே போட்டுவிட்டீர்கள்.

நான் எழுதியதில் அடுத்த வரியை ஏன் விட்டீர்கள் கூடாரக்காரரே? “எல்லாப் பிள்ளைகளையும் முகாமுக்கு அனுப்ப முடியாது, கையில் இருக்கும் நேரத்தை வைத்து முடிந்ததைச் செய்வோம்” என்று எழுதியிருந்தேன். உங்களுக்கு வசதியான இடத்தில் வெட்டிக்கொண்டு வந்து வைத்திருக்கிறீர்கள்.

நான் வகுப்பறையில் நிற்கிறவள். நேர அட்டவணையில் மரத்தடிக்கு ஒரு பாடவேளை வாங்க என்ன பாடு படவேண்டும் தெரியுமா? “பொறுப்பு கையில் விழ வேண்டும்” என்று போய்ச் சொன்னால், யோசிப்போம் என்பார்கள். அத்தோடு முடிந்தது. “வாரத்துக்கு 120 நிமிடம்” என்று சொன்னால் பேனாவை எடுத்துக் கணக்குப் போடுவார்கள். எண் இல்லாமல் எதுவும் நடக்காது.

பதினாறு வயதுக்காரரும் இளைஞர்தான் என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

வெயிலான், மாலை 6:50

ஒரு சந்தேகம். இயற்கை என்று இங்கே எதைச் சொல்கிறோம்? வேலி போட்ட பூங்கா, ஆளில்லாக் காடு, பள்ளி மைதானத்து ஒற்றை மரம், மூன்றும் ஒன்றா? முதலில் அதை முடிவு செய்தால் நல்லது.

கூடாரக்காரன், மாலை 7:02

தராசுமுள் மேடம், பொய் எண்ணைக் காட்டி வாங்கிய பாடவேளை எத்தனை நாள் நிற்கும்? நாளை ஒருவர் அதே ஆய்வை எடுத்துப் படித்துவிட்டு, “இதில் பிள்ளைகளே இல்லையே அம்மா” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பதினாறு வயது என்று ஒரு நூலைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்த ஆய்வில் அறுபதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் இளைஞர்களா?

தராசுமுள், மாலை 7:09

எண் பொய் என்று எப்படிச் சொல்வீர்கள்? வெளியே போகாதவர்களோடு ஒப்பிட்டால், 120 நிமிடத்துக்குக் கீழே இருந்தவர்களிடம் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதைத் தாண்டியவர்களிடம் தெரிந்தது. ஒரே மூச்சில் போனாலும் சரி, துண்டு துண்டாகப் போனாலும் சரி. அது ஆய்விலேயே இருக்கிறது. படித்தேன் என்கிறீர்கள், அந்தப் பக்கத்தை மட்டும் தவறவிட்டீர்களா?

மதிமகள், மாலை 7:20

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பிள்ளைகளிடம் நேரத்தை உண்மையாகவே மாற்றிப் பார்த்த ஆய்வு வேண்டுமென்றால் கண் மருத்துவத்தைப் பாருங்கள். சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகள். முதல் வகுப்புப் பிள்ளைகள். பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-இல் வெளிவந்தது. வெளி வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பு கூடி, கிட்டப்பார்வைக்குக் காரணமான கண்விழி நீண்டுபோவது மட்டுப்படுகிறது என்று விளக்குகிறார்கள். வகுப்பறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் இருக்கும். வெயில் நாளில் வெளியே பல ஆயிரம்.

தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கச் சொல்கிறார்கள். ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாடு அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கியது.

தராசுமுள், மாலை 7:24

பார்த்தீர்களா! அங்கேயும் 120!

கூடாரக்காரன், மாலை 7:26

மேடம், அது நாளுக்கு 120. நீங்கள் சொன்னது வாரத்துக்கு 120. ஏழு மடங்கு வித்தியாசம். அதுவும் கண்ணைப் பற்றியது. கண்ணுக்கு வெளிச்சம் போதும், மரம்கூட வேண்டாம், மொட்டை மாடியில் நின்றாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். பிள்ளையின் மனசு வளர்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். 120 என்று எங்கே கண்டாலும் எடுத்து ஒட்டிக்கொள்வதா?

மதிமகள், மாலை 7:31

நான் யாருக்கும் பக்கவாத்தியம் வாசிக்க அதை எழுதவில்லை. உடம்பும் பிள்ளைதான், மனசு மட்டும் பிள்ளை இல்லை. அதைப் புரிந்துகொள்ள இரண்டு பேருக்கும் நேரமில்லை போலிருக்கிறது.

பழைய வாத்தியார், இரவு 8:05

தம்பி கூடாரக்காரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவுட்வார்ட் பவுண்ட் என்ற சாகசப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய கதையைப் பாருங்கள். 1941, இரண்டாம் உலகப்போர். வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊர். குர்ட் ஹான் என்ற கல்வியாளரும் கப்பல் நிறுவனத்து லாரன்ஸ் ஹோல்டும் சேர்ந்து தொடங்கினார்கள். கப்பல் மூழ்கும்போது உடல் வலுவுள்ள இளம் மாலுமிகள் சாகிறார்கள், வயதானவர்கள் பிழைக்கிறார்கள், ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் அது பிறந்தது என்று சொல்வார்கள். இளைஞர்களை ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலும் மலையிலும் பழக்கினார்கள். ஒரு மாதம்! இரண்டு மணி நேரம் இல்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் முதலில் செல்போனைப் பிடுங்க வேண்டும். அதைச் செய்யாமல் எந்தக் காட்டுக்குப் போனாலும் வீண்.

நதிமூலம், இரவு 8:13

செல்போன் வந்துவிட்டது, நல்லது. ஐயா, பறவைக் குரலைப் பதிவு செய்து அடையாளம் காட்டும் செயலி இருக்கிறது. நான் பார்த்த பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதன்முதலாக ஒரு பறவையின் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். பிடுங்குவது என்ற சொல்லே உங்கள் தலைமுறைக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பழைய வாத்தியார், இரவு 8:19

என் தலைமுறை செயலி இல்லாமல் பறவையைக் காதால் கேட்டது. வயதைச் சொல்லிக் குத்துவது உங்களுக்குப் புதிதில்லை, நீச்சல் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

தராசுமுள், இரவு 8:22

ஒரு மாதம் போகக் கொடுத்துவைத்தவர்கள் போகட்டும் ஐயா. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, இரவு தங்க வீட்டில் அனுப்பாத பெண்பிள்ளை, இவர்களை எந்த மலைக்கு அனுப்புவீர்கள்? அவர்களுக்கு என் 120 நிமிடம் கிடைக்கும். உங்கள் ஒரு மாதம் கிடைக்காது.

கூடாரக்காரன், இரவு 8:58

நல்ல கேள்வி, ஆனால் 120-க்குச் சாட்சி அது இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு வேண்டும் என்றால் நானும் கூட நிற்கிறேன். பிள்ளைகளைக் கேட்காத ஆய்வை அவர்கள் தலையில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் சொல்லும் வளர்ச்சி எது என்று ஒன்று சொல்கிறேன். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து, இன்று நீதான் வழி என்று சொல்லிவிட்டு நான் கடைசி ஆளாக நடந்தேன். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் தவறான பக்கம் திரும்பினாள். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவளே நின்றாள். வரைபடத்தைத் தரையில் விரித்து முழங்காலிட்டு, நீலக் கோட்டில் விரலை வைத்து, “ஓடை நமக்கு இடப்பக்கம் இருக்கணும். சத்தம் வலப்பக்கம் கேக்குது” என்றாள். பின்னால் இருந்த பையன்கள் முணுமுணுத்தார்கள். ஒருவன் நேராக என் முகத்தைப் பார்த்தான், நான் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். “எல்லாரும் திரும்புங்க, தப்பு என்னுது” என்று உரக்கச் சொன்னாள். வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பெண் என்று அவளுடைய ஆசிரியையே என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த நிமிடத்தை எந்தப் பூங்காவில், எந்த 120-இல் வைப்பீர்கள்?

எண்தான் வேண்டும் என்றால் இதோ எண். 1997-இல் ஜான் ஹாட்டியும் உடன் ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட சாகசப் பயிற்சிகள் பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் சராசரி விளைவு 0.34, அதாவது ஆளுக்கு ஆள் வழக்கமாக இருக்கும் வித்தியாசத்தில் (திட்டவிலக்கத்தில்) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம். சாதாரணமாக மற்றக் கல்வித் திட்டங்களில் முடிந்து வீட்டுக்குப் போனதும் பலன் தேய்ந்துபோகும். இங்கே பிற்பாடு மேலும் 0.17 கூடியது. நீண்ட பயிற்சிகளில் பலன் அதிகம்.

தராசுமுள், இரவு 9:07

ஆக, நான் எண் சொன்னால் மோசடி, நீங்கள் எண் சொன்னால் அறிவியல். அந்த 96-இல் எத்தனை ஆய்வுகளில் யார் பயிற்சிக்குப் போவது, யார் போகாமல் இருப்பது என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள்? விருப்பப்பட்டு வந்தவர்கள்தானே பெரும்பாலும்? “யார் முதலில் நலமாக இருந்தார்கள்” என்று என் ஆய்வைக் கேட்டீர்களே, அதே கேள்வியை உங்கள் ஆய்வையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. தவறான வழி என்று தெரிந்தும் பிள்ளைகளை நடக்கவிட்டீர்கள். அந்தப் பக்கம் பள்ளம் இருந்திருந்தால்? பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? உங்கள் பெருமைக்கு என் மாணவியை நான் கடன் தர மாட்டேன்.

நதிமூலம், இரவு 9:10

இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன்.

கூடாரக்காரன், இரவு 9:21

பள்ளம் இருக்கும் பாதையில் வரைபடத்தைக் கொடுப்பேனா? முதல் நாளே அந்த இரண்டு வழியும் நடந்து பார்த்தவன் நான். எங்கே தவறு செய்தால் கால் வலியோடு போகும், எங்கே உயிரோடு விளையாடும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலையே. நார்வேயில் எலன் சான்ட்செட்டர் என்ற ஆய்வாளர் பிள்ளைகளின் துணிச்சல் விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவி, நீர் நெருப்பு போன்றவற்றின் அருகாமை, கட்டிப்புரளுதல், தனியே போய்த் தொலைந்துபோகும் வாய்ப்பு. கடைசி ஒன்றை நாம் பிள்ளைகளிடமிருந்து முழுசாகப் பறித்துவிட்டோம். மரத்தடியில் வட்டமாக உட்காரவைத்துக் கடிகாரம் பார்ப்பதற்குப் பெயர் பாதுகாப்பு.

விருப்பப்பட்டு வந்தவர்கள் என்கிறீர்கள். நான் சொன்ன பெண் விருப்பப்பட்டு வரவில்லை, வகுப்போடு வந்தவள்.

வெயிலான், இரவு 9:25

நான் மாலையில் கேட்டது அப்படியே நிற்கிறது. பூங்காவா, காடா? நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு இடத்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்.

தராசுமுள், இரவு 9:33

ஒரு பெண்ணை வைத்து ஓர் உலகத்தையே நிரூபிக்கிறார். 20,000 பேர் போதாது, ஒருத்தி போதும்! என் வகுப்பில் வாரம் இரண்டு பாடவேளை வெளியே போகத் தொடங்கிய பிறகு ஒரு பையன் எறும்புப் புற்றை நோட்டில் வரையத் தொடங்கினான். எந்த வாயில் வழியாக எத்தனை எறும்பு போகிறது என்று அம்புக்குறி போட்டு. அதுவரை அந்த நோட்டில் தேதிகூட இருக்காது. அது வளர்ச்சி இல்லையா? பள்ளத்தில் இறங்கினால்தான் வளர்ச்சியா?

மதிமகள், இரவு 9:36

அது அருமை தராசுமுள். இதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

கூடாரக்காரன், இரவு 9:40

அருமைதான். நான் மறுக்கவே இல்லை. அந்தப் பையன் எறும்பை வரைந்தது 119-ஆவது நிமிடத்திலா, 121-ஆவது நிமிடத்திலா?

தராசுமுள், இரவு 9:42

இதற்குத்தான் உங்களோடு பேசுவதில்லை. கத்தி இழையில் பத்து வயதுப் பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்கலாம் என்று எழுதி, கேள்வி கேட்டவர்களை எல்லாம் “சோபா நிபுணர்கள்” என்று சொன்னவர்தானே நீங்கள்? மறந்துவிடவில்லை.

கூடாரக்காரன், இரவு 9:47

குச்சி சீவுவதற்குச் சின்னக் கத்தி, பக்கத்தில் ஆள், உட்கார்ந்த நிலையில், உடம்புக்கு வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும் என்று நான்கு வரி விதி எழுதியிருந்தேன். அதை விட்டுவிட்டுக் கத்தியை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். வெட்டி ஒட்டுவது யார் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

மட்டுறுத்துநர், இரவு 9:55

பூட்டிய பழைய இழைகளை இங்கே இழுத்து வர வேண்டாம். பழைய வாத்தியார், நதிமூலம் இருவரும் தனிமடலில் தொடரும் சண்டை பற்றி எனக்குப் புகார் வந்திருக்கிறது, அதையும் நிறுத்துங்கள்.

பழைய வாத்தியார், இரவு 10:02

புகார் கொடுத்தது நான் இல்லை. செல்போனைப் பற்றி நான் சொன்னதில் ஓர் எழுத்துக்கூட மாற்ற மாட்டேன்.

தராசுமுள், இரவு 10:10

அடுத்த வாரம் பள்ளிக் கூட்டத்தில் இரண்டு பாடவேளை கேட்கப் போகிறேன். 120 நிமிடம் என்றுதான் எழுதிக் கொடுப்பேன்.

கூடாரக்காரன், இரவு 10:12

எழுதிக் கொடுங்கள். கூடவே “பதினாறு வயதோ அதற்கு மேலோ ஆனவர்களிடம் மட்டும் கேட்டது” என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். எழுதுவீர்களா, மாட்டீர்களா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மற்றதை எல்லாம் விட்டுவிடுகிறேன்.

தராசுமுள், இரவு 10:15

உங்கள் முகாமின் அனுமதிப் படிவத்தில் “தவறான வழி என்று தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டேன்” என்று ஒரு வரி இருக்கிறதா? அதை முதலில் காட்டுங்கள்.

கூடாரக்காரன், இரவு 10:16

இருக்கிறது. பெற்றோர் கையெழுத்தோடு. இப்போது நீங்கள் சொல்லுங்கள், அந்த ஒரு வரி சேருமா?