சாரல் ஊரில் பட்டறை அறை: கருவிகளை எங்கே, எப்படி வைப்பது?

சாரல்வாசி, செங்கோட்டை:
பின்கட்டில் 8க்கு 10 அடி அறை, ஓட்டுக் கூரை. ஆனி, ஆடி வந்தால் மேற்குச் சுவர் ஓதமடிக்கிறது. உளி, இழைப்புளி, ரம்பம், ஸ்பேனர் எல்லாம் தகரப் பெட்டியில்தான். மூடியே வைத்தாலும் துரு பிடிக்கிறது. சுவரில் மாட்டினால் சரியாகுமா?

மூலமட்டம்:
மூடி வைப்பதால்தான் பிடிக்கிறது அண்ணாச்சி. பகலில் உள்ளே புகுந்த ஈரக்காற்று, ராத்திரி தகரம் குளிர்ந்ததும் வேர்த்து இரும்பில் இறங்கும். பெட்டியின் அடியில் ஸ்பாஞ்ச் போட்டிருந்தால் முதலில் அதைத் தூக்கி எறியுங்க.

மேற்குச் சுவர் வேண்டாம், வீட்டோடு ஒட்டிய உள்சுவரை எடுங்க. 2க்கு 1 இஞ்ச் ரீப்பர் கட்டையை 2 அடிக்கு ஒன்றாக நெட்டுக்குத்தலாக அடித்து, அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட். படுக்கை வாட்டில் அடித்தால் பின்னால் காற்று ஏறாது, ஈரம் தங்கிவிடும். பலகைக்கு மேலேயும் கீழேயும் 2 இஞ்ச் திறந்திருக்கட்டும். பிளைவுட்டில் IS 710 (தண்ணீர் தாங்கும் மரைன் ரகம்) முத்திரை பார்த்து வாங்குங்க. IS 303-இன் சாதாரண MR ரகம் வீட்டுக்குள் அலமாரிக்கு ஆகும், இந்த ஓதத்துக்கு உப்பிவிடும். ரீப்பரைச் சுவரில் பிடிக்க, துளைக்குள் இறக்கும் 8 மி.மீ. பிளக், 75 மி.மீ. ஸ்க்ரூ. நீளம் குறைத்தால் ரீப்பருக்கும் பூச்சுக்குமே தீர்ந்துபோகும், செங்கல்லுக்குள் இறங்காது. பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் செங்கல்லின் நடுவில் துளையிடுங்க. சந்தில் போட்டால் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும்.

உளிக்காரன், புளியரை:
எண்ணெயும் முக்கியம். நம்ம பக்கம் தேங்காய் எண்ணெய்தான் கைக்கு வரும், ஆனால் நாள்பட்டால் சிக்குப் பிடித்துத் தூசியை ஒட்டவைக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும்: துணியில் இரண்டு சொட்டு விட்டு, கை ரேகை பட்ட இடமெல்லாம் துடைத்துவிட்டு மாட்டுங்க. வேர்வை உப்புதான் முதல் துரு. உளியைப் பலகையில் குறுக்கே அடித்த கட்டையின் காடியில், அலகு கீழே பார்க்க நிறுத்தணும். முனை எதிலும் இடிக்கக் கூடாது. உப்புத்தாளைச் சுருட்டாதீங்க, நம்பர் வாரியாகத் தட்டையாக அடுக்கி மேலே ஒரு கட்டை வைங்க.

சாரல்வாசி:
ஸ்க்ரூ, ஆணியை எதில் போட்டு வைப்பது? ஈரம் போக அலமாரிக்குள் பல்பு போடலாம் என்கிறார்களே?

மூலமட்டம்:
பிளாஸ்டிக் பாட்டில் மூடியை அலமாரித் தட்டின் அடியில் முறுக்கி, பாட்டிலை அதில் திருகுங்க. மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ போடணும். ஒன்று போட்டால் பாட்டிலோடு மூடியும் சுற்றும். கண்ணாடி வேண்டாம், ஆணி நிறைந்த பாட்டில் நழுவினால் காலில்தான்.

பழைய 40 வாட் குண்டு பல்பு வேலை செய்யும், அதன் சூடுதான் ஈரத்தைக் குறைக்கிறது. எல்.இ.டி. போட்டுப் பயனில்லை. தின்னர், டர்பன்டைன் மட்டும் அந்த அலமாரியில் இருக்கவே கூடாது.